மறுமொழி: ‘நிலையலகுக் கத்தி’ வேண்டாம், ‘மடங்காக் கத்தி’ என்று வைப்போம்

அன்பர்களே, வணக்கம். நம் காட்டுநடைக் கையேட்டில் ‘fixed blade knife’, அதாவது அலகு (வெட்டும் இரும்பு) பிடிக்குள் மடங்காமல் நிலையாக நிற்கும் கத்திக்கு, என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்ற பேச்சுக்கு என் மறுமொழி இது.

> ‘நிலையலகுக் கத்தி’ என்றே வைத்துக்கொள்ளலாம். அலகு நல்ல பழைய சொல்தானே?

பழைய சொல்தான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் அறிவியல் கட்டுரைகளில் அலகு என்றால் இன்று மீட்டரும் கிலோகிராமும்தான். நம் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கோ அலகு என்றதும் தைப்பூசம்தான் நினைவுக்கு வரும். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை அலகு குத்தி நடப்பவர்களை ஆண்டுதோறும் பார்த்து வளர்கிறவர்கள். காட்டுநடைக் கையேட்டில் ‘நிலையலகு’ என்று படித்தால் திகைத்துப்போவார்கள். இன்னொருவர் சொன்ன ‘உறுதிக் கத்தி’யும் சரிவராது, எல்லாக் கத்தியையும் உறுதி என்று சொல்லித்தானே விற்கிறார்கள்?

மடக்குக் கத்தி என்பது எல்லோர் வாயிலும் இருக்கிற சொல். அதற்கு மறுதலை மடங்காக் கத்தி. வாடாமல்லி, செல்லாக்காசு போல வாயில் தானாக உட்காரும். ‘மடக்காக் கத்தி’ என்று எழுதிவிடாதீர்கள். அது நாம் இன்னும் மடக்கி வைக்காத கத்தி. இதுவோ மடக்கினாலும் மடங்காதது.

இந்த வேறுபாட்டை என் விரலே எனக்குச் சொல்லித் தந்தது. ஜொகூரில் நண்பரின் தோட்டத்தில் கூடாரம் போட்டிருந்தோம். இரவெல்லாம் மழை. நனைந்த விறகிலும் நடுப்பகுதி காய்ந்திருக்கும், பிளந்து எடுக்க வேண்டும். மடக்குக் கத்தியை விறகின் தலையில் வைத்து, அதன் முதுகில் கட்டையால் தட்டினேன். மூன்றாம் தட்டில், விரித்த கத்தியை மடங்காமல் நிறுத்தும் பூட்டு விட்டுப்போய்க் கத்தி அப்படியே விரல்மேல் மடங்கியது. ஆள்காட்டி விரலில் தழும்பு இன்னும் வெள்ளைக் கோடாகத் தெரிகிறது.

> கையேட்டில் நீளத்தைச் சொன்னால் போதாதா? பிடிக்குள் போகும் இரும்புக்கெல்லாம் தனிச்சொல் எதற்கு?

அக்கா, போதாது. பிடி நீங்கலாக 10 செ.மீ. இருந்தால் பெரும்பாலான வேலைக்குக் காணும்: கயிறு அறுக்கலாம், மீன் சுத்தம் செய்யலாம், கூடார முளை சீவலாம். 5, 6 செ.மீ. தடித்த விறகையும் பிளக்கலாம், ஏனென்றால் முனை மறுபக்கம் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். கத்தி விறகுக்குள் இறங்கியபின் அந்த முனையில்தான் தட்டுவோம். ஸ்வீடனின் மோரா கம்பேனியன் என்ற மடங்காக் கத்தி ஏறக்குறைய இந்த நீளம்தான். ஆனால் அதன் இரும்பு பிடியின் கடைசிவரை ஓடாது. கடைசிவரை ஓடும் கத்தியும் அதே 10 செ.மீ. என்றுதான் கடையில் தொங்கும். ஓங்கித் தட்டும்போதுதான் வேறுபாடு தெரியும். நீளம் மட்டும் எழுதினால் வாங்குகிறவர் இதை எப்படிக் கேட்பார்?

அந்த இரும்புக்கு ‘வால்’ என்றே வைப்போம். தாத்தா அரிவாளுக்குப் பிடி போடும்போது பார்த்திருக்கிறேன். வாலைப் பழுக்கக் காய்ச்சி மரத்துக்குள் இறக்குவார், புகை வரும், அப்புறம் பூண் மாட்டுவார். கடைசிவரை ஓடினால் முழுவால், பாதியில் நின்றால் குறைவால்.

பெரிய அளவுகளுக்கு அதிகம் எழுத வேண்டாம். அமெரிக்க மரைன் படை 1942 இல் எடுத்துக்கொண்ட கா-பார் என்ற கத்தி 7 அங்குலம், சுமார் 18 செ.மீ. கிளை வெட்டக் கொஞ்சம் உதவும், ஆனால் முளை சீவும்போது முனை கைக்கு அடங்காது. நம் வட்டாரத்தில் வெட்டு வேலைக்குப் பாராங் என்னும் நீண்ட வெட்டுக்கத்தி இருக்கிறது. இடுப்பில் சிறிய மடங்காக் கத்தியும் கூட ஒரு பாராங்கும் இருந்தால் போதும் என்பது என் எண்ணம். பாராங்குக்குத் தமிழ்ச்சொல் தேட வேண்டாம், அது இங்கே எப்போதோ நம் சொல்லாகிவிட்டது.

சிங்கப்பூரில் தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது குற்றம் என்ற வரி கையேட்டின் முதல் பக்கத்திலேயே வரட்டும்.

விறகைத் தட்டிப் பிளக்கும் அந்த முறைக்கு ஒரு சொல் பாக்கி. ‘தட்டுப்பிளப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது நல்லதாக ஒன்று சொல்லுங்கள்.