புதுப்பிப்பு: எல்லாரும் 'திருப்தி' என்றே டிக் அடித்த கருத்துக் கணிப்பு

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. திருப்பூரில் எங்கள் பனியன் யூனிட்டில் படிவம் கொடுத்தால் எல்லாரும் 'திருப்தி' என்றே டிக் அடிக்கிறார்கள், ஆனால் மாதாமாதம் ஆட்கள் வேலையை விட்டு நின்றுவிடுகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தேன்.

பலன் தந்தது, "படிவத்திலிருந்து பெயரை மட்டும் எடுத்தால் போதாது, செக்‌ஷனையும் எடுங்கள்" என்ற யோசனைதான். காஜா பட்டனில் (பட்டன் ஓட்டை போட்டு பட்டன் தைக்கும் பிரிவு) நாலே பேர். செக்‌ஷன் தெரிந்தால் ஆளும் தெரிந்துவிடும். சிறிய செக்‌ஷன்களை ஒன்றாகச் சேர்த்தேன். படிவத்தை சூப்பர்வைசர் வாங்காமல், தண்ணீர் கேன் பக்கத்தில் பூட்டுப் போட்ட பெட்டி வைத்தோம். "கூலியும் வேலை நேரமும் திருப்தியா?" என்ற கேள்வியை இரண்டாகப் பிரித்தேன். ஒடியா, இந்தி பேசுபவர்களுக்கு அவரவர் மொழியில் படிவம். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஐந்து முகப் படங்கள்.

எதிர்பாராதது இதுதான்: கூலி போதவில்லை என்பார்கள் என நினைத்தேன். அதைவிட அதிகம் வந்தது, அன்றைக்கு எத்தனை பீஸ் கணக்கில் ஏறியது என்பதே சனிக்கிழமை சம்பளத்தில்தான் தெரிகிறது என்ற மனக்குறை. பாவம், வாரம் முழுக்க அந்தச் சந்தேகத்தோடே தைத்திருக்கிறார்கள். இப்போது தினமும் சாயங்காலம் துண்டுச் சீட்டு கொடுக்கிறோம். கணிப்பில் வந்ததால்தான் இந்த மாற்றம் என்று போர்டிலும் எழுதிவிட்டோம்.

சனிக்கிழமைத் தகராறு அநேகமாக நின்றுவிட்டது. ஆட்கள் நிற்பது குறைந்ததா என்பதைத் தீபாவளிக்கு ஊர் போனவர்கள் திரும்பி வந்த பிறகுதான் சொல்ல முடியும்.