வைகுண்டம் செரிகிராஃப்: பிரேம் போட யாரிடம் கொடுக்கலாம்?

வணக்கம். ஓவியர் தோட்டா வைகுண்டத்தின் செரிகிராஃப் (திரை அச்சில் எடுத்த படம்) ஒன்று வாங்கியிருக்கிறேன். பெரிய பொட்டு வைத்த தெலங்கானாப் பெண். அடியில் பென்சிலில் 42/100 (நூறு பிரதிகளில் 42-வது), அப்புறம் கையெழுத்து.

இங்கே காரைக்குடியில் பிரேம் கடைக்காரர், ஓரத்தை வெட்டி ஹார்ட்போர்டில் ஒட்டித் தருகிறேன் என்கிறார். வெட்டினால் எண்ணும் போச்சு, கையெழுத்தும் போச்சு, விலையும் போச்சு! மை தாளின் மேலேயே படிந்து நிற்பதால் கண்ணாடி அதில் படவும் கூடாது. நடுவில் மவுன்ட் (இடைவெளி விடும் அட்டைச் சட்டம்) வேண்டும். இங்கே முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழுப்பேறிக் கிடக்கும் ரவிவர்மா படங்களைப் பார்த்தவர்களுக்கு என் பயம் புரியும்.

அமிலமில்லா அட்டை போட்டு, ஒட்டாமல் செய்து தருபவர் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இருக்கிறார்களா? இல்லை, மதுரைக்குத்தான் போகணுமா?

இன்னொன்று. எங்கள் வீட்டு வளவில் (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில்) வெயில் படாத சுவர் ஒன்றுதான் இருக்கிறது. முட்டை வெள்ளைக்கரு கலந்த அந்தச் சுண்ணாம்புப் பூச்சில் ஆணி அடிக்க ஆச்சி விடமாட்டார்கள். ஆணியில்லாமல் மாட்ட வழி தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்களேன்.