'தி லாட்டரி' கதையை எப்போ படிச்சீங்க? உங்களுக்குள்ள தங்கினது எது?

மழைக்காகிதம்:
அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்சனோட இந்தக் கதை எங்களுக்கு பி.ஏ.வில பாடம். நோட்ஸை மட்டும் படிச்சு பாஸ் பண்ணினேன். முழுசா படிச்சது வேலைக்கு வந்த பிறகுதான். வருஷா வருஷம் ஊரே கூடிச் சீட்டு எடுக்கும், புள்ளி வச்ச சீட்டு வந்தவங்களைக் கல்லால அடிச்சுக் கொல்லும், இதெல்லாம் முன்னாடியே தெரியும். ஆனாலும் டெலக்ரோய் அம்மா தூங்க விடல. இன்னிக்கு என்ன நாள்னே மறந்துட்டேன்னு, கடைசியில கல்லடி படப்போற டெஸ்ஸி தாமதமா ஓடி வந்து சொல்றது இந்த அம்மாகிட்டதான். ரெண்டு பேரும் சிரிச்சுக்கிறாங்க. கடைசியில ரெண்டு கையாலயும் தூக்க வேண்டிய பெரிய கல்லா எடுக்கிறதும் இதே அம்மா. பகை, கோபம் ஒண்ணும் கிடையாது. பக்கத்துல நிக்கிறவளை வேற "வா, சீக்கிரம்"னு அவசரப்படுத்துறா!

ஓய்வுபெற்ற வாத்தியார்:
கல்லூரியில் பல வருடம் நடத்திய கதை. பிள்ளைகள் எல்லோரும் டெஸ்ஸிக்காகப் பரிதாபப்படுவார்கள். ஒரு மாணவி மட்டும் எழுந்து, "சார், கல்யாணமான மகளையும் சீட்டு எடுக்கச் சொல்றாங்களே டெஸ்ஸி, அது எதுக்கு?" என்று கேட்டாள். சரியான கேள்வி. முதல் சீட்டு ஒரு குடும்பத்துக்கு விழும், அடுத்தது அந்தக் குடும்பத்துக்குள் ஒருவருக்கு. தலை கூடினால் தனக்கு விழும் வாய்ப்பு குறையுமே! நியாயமில்லை என்று டெஸ்ஸி கத்துவதும் தன் வீட்டுக்குச் சீட்டு விழுந்த பிறகுதான்.

நான் வகுப்பில் அழுத்திச் சொல்வது இன்னொன்று. அந்த ஊர் சம்பிரதாயத்தை அப்படியே காப்பாற்றவும் இல்லை. ஜனம் பெருகிச் சீட்டுப் பெட்டி கொள்ளாமல் போனதும் மரச்சில்லு போய்க் காகிதச் சீட்டு வந்துவிட்டது. ஓத வேண்டியதையும் பாதி மறந்துவிட்டார்கள். வசதிக்கு மாற்றலாம், கொலையை மட்டும் மாற்றக்கூடாது. 77-வது முறையாகச் சீட்டு எடுக்க வந்திருக்கும் வார்னர் கிழவர் அதற்குச் சொல்லும் காரணம், 'எப்பவும் நடந்துக்கிட்டுதான் இருக்கு' என்பது.

நெல்லைக்காரி:
கதையை விட எனக்குப் பக்குனு இருந்தது அதுக்கு வந்த கடிதங்கள். 1948 ஜூன் 26 தேதியிட்ட 'நியூயார்க்கர்' இதழ்ல வெளியானதும் 300-க்கு மேல கடிதம் குவிஞ்சுது. திட்டினவங்க, புரியலன்னவங்க சரி. இந்த லாட்டரி எந்த ஊர்ல நடக்குது, போய்ப் பார்க்கலாமான்னு விசாரிச்சவங்களும் இருந்தாங்கன்னு ஜாக்சனே சொல்லியிருக்கார். தென்னாப்பிரிக்காவில கதைக்குத் தடையே போட்டாங்க.

மழைக்காகிதம்:
ஆடம்ஸை யாரும் சொல்லலையே? வடக்கே ஒரு ஊர்ல இதைக் கைவிடப் பேசிக்கிறாங்கன்னு வார்னர்கிட்ட மெதுவா எடுத்துவிடுறவர் அவர். சில ஊர்ல ஏற்கெனவே விட்டாச்சுன்னு அவர் பொண்டாட்டியும் சேர்ந்து சொல்லுவா. கல் வீசும்போது கூட்டத்துல முன்வரிசையில நிக்கிறது யார்னு பாருங்க. ஸ்டீவ் ஆடம்ஸ்!