குவெஸ்ட்டுக்கு ‘எடுவினை’ – ஒரு பரிந்துரை

வணக்கம் நண்பர்களே,

கற்பனைச் சாகசக் கணினி விளையாட்டுகளில், ஆடுபவர் ஏற்று முடிக்க வேண்டிய காரியத்தைக் ‘குவெஸ்ட்’ (quest) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். சொல்லை முடிவு செய்யும் முன், விளையாட்டுக்குள் அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். ஆங்கில அகராதியில் அதற்கு என்ன பொருள் போட்டிருக்கிறது என்பதைவிட அதுதான் நமக்கு முக்கியம்.

> ‘தேடல்’ போதுமே. வீரன் எதையோ தேடித்தானே புறப்படுகிறான்?

ஆரம்பகால விளையாட்டுகளுக்கு இது சரி. 1980-இல் அட்டாரி 2600 கருவிக்கு வந்த ‘அட்வெஞ்சர்’ ஆட்டத்தில் ஒரே வேலைதான்: மந்திரக் கிண்ணத்தைக் கண்டுபிடித்துத் தங்கக் கோட்டைக்குக் கொண்டுவர வேண்டும். 1984-இன் ‘கிங்ஸ் குவெஸ்ட்’ ஆட்டத்தில் கண்ணாடி, கேடயம், பேழை என மூன்று பொருள்களை மீட்க வேண்டும். முழு ஆட்டமும் ஒரே தேடல்.

2004-இல் வந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ ஆட்டத்துக்கு வாருங்கள். ஊர்க்காரர் தலைக்கு மேல் மஞ்சள் நிற ஆச்சரியக்குறி நிற்கும். போய்ப் பேசினால் ‘இத்தனை ஓநாய்களைக் கொன்றுவிட்டு வா’ என்பார். அடுத்தவர் ஒரு கடிதத்தைக் கொடுத்து வேறொரு ஊரில் சேர்க்கச் சொல்வார். இன்னொருவர், தன்னைப் பத்திரமாக எல்லை தாண்டிக் கூட்டிப்போகச் சொல்வார். எல்லாமே குவெஸ்ட்தான், ஆனால் எதிலும் தேடுவதற்கு ஒன்றும் இல்லை. இடைமுகத்திலும் தொல்லை உண்டு. குவெஸ்ட் பட்டியலிலேயே தேடல் பெட்டி இருக்கும் ஆட்டங்கள் இருக்கின்றன. அங்கே ‘தேடல்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்த்தால் ஆடுபவர் குழம்பிப்போவார்.

> அப்படியென்றால் ‘பணி’. டாஸ்க், மிஷன் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கும்.

பொதுவாக இருப்பதுதான் எனக்குத் தயக்கம். ஒரு குவெஸ்ட்டுக்குள்ளேயே சின்னச் சின்னப் பணிகள் வரும். கொல்லனைப் பார், இரும்பு வாங்கு, வாளை அடித்து முடி. வெளியே இருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் ஒரே பெயர் வைத்தால் மொழிபெயர்ப்பாளர் நடுவில் மாட்டிக்கொள்வார். ‘பணி’யை அந்தச் சின்ன வேலைகளுக்கே விட்டுவிடலாம்.

> எங்கட பக்கத்தில ‘தேட்டம்’ எண்டு ஒரு சொல் இருக்கு. அதைப் பாவிக்கலாமே?

அருமையான சொல். ஆனால் யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில் ‘தேடிய தேட்டம்’ என்பது மணவாழ்க்கைக் காலத்தில் ஈட்டிய சொத்தைக் குறிக்கிறது. அதாவது, ஈட்டிய பொருளைக் குறிக்கும் சொல் அது. முயற்சியைக் குறிப்பதற்குப் பொருந்தவில்லை. விழுந்த பூதத்திடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் பொன்னுக்கும் ஆயுதத்துக்கும் ‘லூட்’ என்கிறார்களே, அதற்குத் ‘தேட்டம்’ அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது. அந்த இடத்தில் இதை ஏற்றுக்கொள்ளும்படி எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, குவெஸ்ட் என்பது உள்ளே என்ன? நிரலாளர் பார்வையில் அது ஆட்டம் நினைவில் வைத்துக்கொள்ளும் ஒரு நிலை. 2011-இன் ‘ஸ்கைரிம்’ ஆட்டத்துக்கு அதன் நிறுவனமே வெளியிட்ட உருவாக்கக் கருவியைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒவ்வொரு குவெஸ்ட்டுக்கும் எண்ணிட்ட கட்டங்கள் உண்டு. நடுவில் எதையாவது செருக இடம் வேண்டும் என்பதால் பெரும்பாலும் 10, 20, 30 என்று விட்டு விட்டு எண் போடுவார்கள். ஒருவரிடம் பேசினால், ஒரு பொருளை எடுத்தால், ஒரு குகைக்குள் காலடி வைத்தால் கட்டம் நகரும். கட்டம் நகரும்போது குறிப்பேட்டில் ஒரு வரி சேரும், புதிய இலக்கு திரையில் தோன்றும், பூட்டிய கதவு திறக்கும். எந்தக் கட்டத்தில் குவெஸ்ட் முடிகிறது, எதில் தோற்கிறது என்பதையும் அங்கேயே குறித்துவைக்கலாம்.

‘ஃபிளேர்’ என்ற திறந்த மூல ஆட்டத்தில் இன்னும் எளிமை. இன்னின்ன நிலைக்குறி (எது நடந்துவிட்டது என்று ஆட்டம் பதிந்துவைக்கும் அடையாளம்) இருந்து, இன்னின்னது இல்லாவிட்டால், இந்த வரியைக் குறிப்பேட்டில் காட்டு, அவ்வளவுதான். கோப்புகள் வெறும் உரையாகவே இருப்பதால் நம் குழுவில் யாரும் திறந்து படிக்கலாம். படித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கருத்து கண்ணெதிரே தெரியும்போது சொல் தானாக வந்து நிற்கும்.

இதிலிருந்து எனக்குத் தெளிவானது இதுதான். குவெஸ்ட்டை யாரோ கொடுக்கிறார்கள், ஆடுபவர் ஏற்கிறார், நடத்துகிறார், முடிக்கிறார் அல்லது தோற்கிறார். நமக்கு வேண்டியது மேற்கொண்ட காரியத்தைக் குறிக்கும் சொல். தமிழில் அதற்கு நெடுநாளாகவே ‘வினை’ இருக்கிறது. சங்கப் பாடல்களில் தலைவன் வினைமேற் பிரிந்து போகிறான், வினை முடித்துத் திரும்புகிறான். அவன் தேரைப் பாகன் விரைவாக ஓட்டிவரும் காட்சி முல்லைப் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. ஒன்றை ஏற்றுப் புறப்பட்டு, நிறைவேற்றி, மீண்டு வருவது. இதைவிட நெருக்கமான கருத்து எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ‘வினை’ தனியாக நிற்க முடியாது. இலக்கணத்தில் அது வினைச்சொல், வேதியியலில் மாற்றம், பேச்சில் முன்வினைப்பயன். ஆகவே நான் முன்வைப்பது ‘எடுவினை’. ‘எடுத்த காரியம்’ என்று வழக்கில் சொல்கிறோமே, அதே எடுத்தல்தான். ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை. எடுத்த வினை, எடுக்கின்ற வினை, எடுக்கும் வினை என மூன்று காலமும் உள்ளே மறைந்திருக்கிறது. முடித்தது, நடப்பது, இனி ஏற்கப்போவது எல்லாம் ஒரே பட்டியலில் கிடக்கும் குவெஸ்ட் குறிப்பேட்டுக்கு இந்த இலக்கணம் நன்றாகவே உதவுகிறது.

கூட்டுச் சொற்களில் ‘எடு’வை விட்டுவிடலாம், சூழல் காப்பாற்றும். கொடுப்பவர் ‘வினை தருபவர்’. பட்டியல் ‘வினைக் குறிப்பேடு’. மையக் கதையோடு போவது ‘முதல்வினை’, ஒதுங்கி நிற்பது ‘கிளைவினை’. ‘துணைவினை’ என்று சொல்ல ஆசையாக இருக்கும், ஆனால் இலக்கணம் அதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. ‘பக்கவினை’ காதில் பக்கவிளைவு போல விழுகிறது. ஒன்று முடிந்தால் அடுத்தது திறக்கும் வரிசை ‘வினைத்தொடர்’.

முடிவைச் சொல்லும் இடத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதைத் தவறவிடக் கூடாது. வார்கிராஃப்ட்டில் இலக்குகள் எல்லாம் நிறைவேறியதும் குவெஸ்ட் முடிவதில்லை. கொடுத்தவர் தலைக்கு மேல் சாம்பல் நிறத்தில் இருந்த கேள்விக்குறி மஞ்சளாகும். திரும்பிப் போய் ஒப்படைத்தால்தான் பொன்னும் அனுபவப் புள்ளியும் கிடைக்கும். ஆக, இரண்டு நிலைகள், இரண்டு சொற்கள். இலக்குகள் நிறைந்த நிலைக்கு ‘நிறைந்தது’ என்றும், ஒப்படைத்த பின் ‘முற்றிற்று’ என்றும் போடலாம். பழைய நூல்களின் கடைசி ஏட்டில் பார்த்த சொல் ஆடுபவரின் திரையில் வரும்போது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கும்.

> வழிகாட்டும் குறிக்கு என்ன சொல்வது?

2002-இன் ‘மோரோவிண்ட்’ ஆட்டத்தில் இலக்கைச் சுட்டும் குறி கிடையாது. ஆற்றைத் தாண்டி வடக்கே போ, பாதை பிரியும் இடத்தில் இடப்பக்கம் திரும்பு என்று ஊர்க்காரர் சொல்வார், அது குறிப்பேட்டில் பதியும். மீதியை நாமே கண்டுகொள்ள வேண்டும். நான்கு ஆண்டு கழித்து வந்த ‘ஆப்ளிவியன்’ ஆட்டத்தில் திசைகாட்டியிலேயே அம்பு வந்துவிட்டது, வழி சொல்லும் பேச்சு குறைந்துவிட்டது. அம்புக்கு ‘இலக்குக்குறி’ போதும். வாயால் சொல்லும் வழிக்கு ‘ஆற்றுப்படை’ என்றே வைக்கலாம். மலைபடுகடாமில் கூத்தருக்கு மலைவழியையும் அதில் உள்ள ஆபத்துகளையும் அடுக்கிச் சொல்வது இதே வேலைதான்.

கடைசியாக, தோல்வி. இங்கே எனக்கு உங்கள் உதவி வேண்டும். ‘தோற்றது’ என்பது எல்லா இடத்துக்கும் ஒத்துவரவில்லை. 2015-இன் ‘விட்சர் 3’ ஆட்டத்தில் மரத்தடியில் சிறைப்பட்ட ஆவியை விடுவிப்பதா அழிப்பதா என்று ஒரு கட்டத்தில் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவு, வேறொரு வினைத்தொடரில் வரும் குடிகாரப் பிரபுவின் குடும்பம் என்ன ஆகும் என்பதைத் தீர்மானிக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் ஆட்டம் அதைத் தோல்வி என்று சொல்வதில்லை. அதே ஆட்டத்தில் முதல்வினையில் ஒரு எல்லையைத் தாண்டிவிட்டால், அதுவரை கவனிக்காமல் விட்ட சில கிளைவினைகள் தோல்விப் பட்டியலுக்குப் போய்விடுகின்றன. ஆடுபவர் முயன்று தோற்றதற்கும், காலம் கடந்து கைவிட்டுப் போனதற்கும் ஒரே சொல் நியாயமாகப் படவில்லை. முதலாவதற்கு ‘முறிந்தது’, இரண்டாவதற்குக் ‘கைநழுவியது’ என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். ‘முறிந்தது’ எனக்கே முழு நிறைவு தரவில்லை. ஒப்பந்தம், உறவு என்ற நினைவைத்தான் அது கொண்டுவருகிறது. இதைவிட நல்லதாக உங்கள் ஊர் வழக்கில் ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்