மறு: நிறம் மறைத்து வாழ்வதற்கு ஒரு சொல் – 'ஆள்மாறாட்டம்' வேண்டாமே

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜார்ஜ் ஷைலரின் 1931ஆம் ஆண்டு அங்கத நாவலில் 'பாஸிங்' (passing) என்ற சொல் வருகிறது; வெளிறிய தோல் கொண்ட கறுப்பினத்தவர் தம் இனத்தை மறைத்து வெள்ளையராக வாழ்வது அது. மொழிபெயர்ப்பில் அதற்கு 'ஆள்மாறாட்டம்' போதும் என்று கிருஷ்ணகிரி ஐயா எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. அது பத்திரப் பதிவிலும் தேர்வு அறையிலும் அடிபடும் சொல்; காதில் விழுந்ததும் போலீஸ் ஞாபகம் வரும். வெளிறிய தோலோடு பிறந்த கறுப்பினப் பெண் ரயிலில் வெள்ளையருக்கென ஒதுக்கிய பெட்டியில் ஏறி உட்கார்ந்தால், யார் பெயரில் கையெழுத்துப் போட்டுவிட்டாள்? வர்ஜீனியா மாநிலம் 1924இல் போட்ட சட்டம் வேண்டுமானால் அவளைக் குற்றவாளியாகப் பார்த்திருக்கும். கறுப்பு ரத்தம் ஒரு சொட்டு கலந்திருந்தாலும் வெள்ளையர் இல்லை என்ற சட்டம் அது. அந்தப் பார்வை நம் சொல்லுக்குள் வரவேண்டாம்.

'நிறமாற்றம்' என்றும் ஒருவர் சொன்னார். அதை நாவலில் வரும் டாக்டர் குரூக்மனின் இயந்திரத்துக்கே விட்டுவிடலாம். ஐம்பது டாலர், மூன்று நாள். உள்ளே போன கறுப்பர் வெள்ளையராக வெளியே வருவார். கறுப்பாகப் பிறக்கிற பிள்ளைதான் காட்டிக்கொடுக்கும்.

நான் முன்வைப்பது 'மறைபுழக்கம்'.

நம் தர்மபுரிப் பக்கத்தில் 'அவங்க வீட்ல நாங்க புழங்கறதில்ல' என்றால் என்ன பொருள் என்று யாருக்கும் விளக்க வேண்டாம். தண்ணீர் வாங்கிக் குடிப்பதா, திண்ணையோடு நிற்பதா, எல்லாம் அந்த ஒரு வினைக்குள் இருக்கிறது. ஓசூரில் வாடகைக்கு வீடு கேட்டுப் பாருங்கள். சாதியை நேராகக் கேட்க மாட்டார்கள். சொந்த ஊர் பென்னாகரம் என்றால் எந்தத் தெரு, குலதெய்வம் எது என்று சுற்றி வருவார்கள். அங்கே ஒருவர் பக்கத்துத் தெருப் பெயரைச் சொல்லிக் குடிவந்தால் அதுதான் மறைபுழக்கம். நிறமும் சாதியும் ஒன்றல்ல, தெரியும். ஆனால் கேட்கிறவர் தோரணை ஒன்றேதான்.

இன்னொரு வசதி, சொல்லில் நிறம் இல்லை. நாவலின் கடைசியில், இயந்திரத்தில் வெளுத்தவர்கள் பரம்பரை வெள்ளையரைவிடக் கூடுதல் வெளுப்பு என்று தெரியவருகிறது. உடனே அதிக வெளுப்பே சந்தேகத்துக்கு இடமாகி, ஊரே தோலைக் கறுக்க வைக்க அலைகிறது! 'வெள்ளை வேடம்' போன்ற சொற்கள் அந்த இடத்தில் படுத்துவிடும். வால்டர் வைட்டுக்கும் இது பொருந்தும். நீலக் கண்ணும் வெளிர்முடியும் கொண்ட கறுப்பினத் தலைவர். வெள்ளையராகப் புழங்கியே தெற்கு மாநிலங்களில் நடந்த கும்பல் கொலைகளை விசாரித்தவர். அவரை ஆள்மாறாட்டக்காரர் என்று எழுத எனக்குக் கை வராது.

குறையும் உண்டு. செய்தித்தாளில் புழக்கம் என்றாலே கள்ளநோட்டும் கஞ்சாவும்தான். வினையாக 'மறைந்து புழங்கினான்' என்றால் தலைமறைவு ஆகிவிடுகிறது. 'மறைத்துப் புழங்கினான்' தேவலாம். ஆளைக் குறிக்கத்தான் இன்னும் சொல் அமையவில்லை. 'மறைபுழங்கி' என்றால் ஏதோ ஊர்வன மாதிரி இருக்கிறது. வேறு தோன்றினால் எழுதுங்கள், மொழிபெயர்ப்பில் இரண்டாம் அத்தியாயம் அதற்காகத்தான் நிற்கிறது.