10-க்கு 9 ரூம்ல அலமாரி: ஸ்லைடிங்கா, சாதா கதவா?

வில்லாபுரத்துல பழைய வீடு. கட்டில் போக நாலரை அடிதான் மிச்சம். கதவு இடிக்கும்னு ஸ்லைடிங் போடச் சொல்றாங்க வீட்ல. ஆசாரி முகத்தைச் சுளிக்கிறார். என்னண்ணே செய்யலாம்?

செல்லூர்க்காரன்:
ஆசாரி சொல்றதைக் கேளுங்க தம்பி. ஹேங்கர்ல சட்டை தொங்க உள்ளே 22 இஞ்ச் வேணும். ஸ்லைடிங் கதவு ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு ஓடுறதால அதுல மூணு நாலு இஞ்ச் போயிரும். பாதி அலமாரிதான் ஒரு நேரத்துல திறக்கும். அலமாரி 2 அடி போனாலும் ரெண்டரை அடி நிக்குதே, 15 இஞ்ச் அகலத்துல ஒடுக்கமா கதவு போட்டா எங்க இடிக்கப் போகுது? சீர்ப் பாத்திரம் வைக்க, அலமாரியை மேல பரண் வரைக்கும் ஏத்திருங்க.

திருநகர் அக்கா:
அடியில 4 இஞ்ச் கடப்பாக்கல் வச்சு அதுமேல பெட்டியை உக்கார வைங்க. வீடு கழுவுற தண்ணி பட்டா ப்ளைவுட் ஊதிரும். சேலைத் தட்டுக்கு 12 இஞ்ச் இடைவெளி போதும், அதுக்கு மேல அடுக்கினா சரியும்.

கேட்டவர்:
சரிக்கா. ப்ளைவுட் தண்ணி தாங்குற 710 கிரேடா, பொது உபயோகத்துக்கான 303-ஆ?

செல்லூர்க்காரன்:
பாத்ரூமை ஒட்டின சுவர்னா 710. இல்லேன்னா 303-லயே ஈரம் தாங்குற பி.டபிள்யூ.ஆர். ரகம் போதும், 18 எம்.எம். கனத்துல. கரையான் மருந்து மட்டும் மறந்துராதீங்க.