காலபோக நெல் விதைக்க மாட்டேன் என்கிறான் தம்பி: மத்தேயு 24 பற்றி ஒரு கேள்வி

உடையார்கட்டு அக்கா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பாட்டனார் காலத்திலிருந்தே எங்கள் குடும்பம் மெதடிஸ்த சபையைச் சேர்ந்தது. தம்பி மட்டும் சில காலமாக வேறொரு ஜெபக்கூட்டத்துக்குப் போய் வருகிறான். அதில் எனக்குக் குறை இல்லை. குடியை விட்டான், இரவில் நித்திரை கொள்கிறான். 2009 போரில் மாத்தளனில் மனைவியைப் பறிகொடுத்த நாளிலிருந்து அவன் நிம்மதியாகக் கண்மூடி நான் பார்த்ததில்லை. மகன் அப்போது கைக்குழந்தை.

அந்தக் கூட்டத்தில் சுவரில் வெள்ளைத் துணி கட்டி ஒரு கணக்கைக் காட்டியிருக்கிறார்கள். மத்தேயு 24இல் இயேசு சொன்ன அத்திமரம் என்றால் இஸ்ரவேல், அது நாடாகித் துளிர்த்தது 1948இல், அதைக் காணும் சந்ததி ஒழியுமுன் முடிவு வரும், 90ஆம் சங்கீதத்தின்படி ஒரு சந்ததிக்கு எண்பது வருடம், ஆகவே 2028இல் இயேசு வருவாராம். 2023 அக்டோபர் 7க்குப் பிறகு காசாவில் நடப்பதெல்லாம் அதற்குச் சாட்சியாம். அவர் வருமுன் உபத்திரவ காலம் ஏழு வருடம், அதற்கும் முன்பே சபை, அதாவது விசுவாசிகள், வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்றால் 2021இலேயே நீங்கள் போயிருக்க வேண்டுமே என்று கேட்டேன். மூன்றரை வருடம்தான் கழிக்க வேண்டும் என்று பதில் சொல்கிறான்.

விதைநெல் மூட்டைகள் தாழ்வாரத்தில் கிடக்கின்றன. உழவு இயந்திரக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டான். உயர்தரம் படிக்கும் மகனுக்கு டியூசன் வேண்டாம் என்கிறான். வரப்போகிற டிஜிட்டல் அடையாள அட்டைதான் வெளிப்படுத்தல் புத்தகம் சொல்லும் மிருகத்தின் முத்திரை, எடுக்கவே மாட்டேன் என்கிறான். மத்தேயு 24 நடந்து முடிந்ததா, இனி நடக்கப் போகிறதா? சண்டை பிடிக்காமல் அவனிடம் எதைச் சொல்வது?

ஒட்டுசுட்டான் பழைய வாத்தியார் எழுதியது:

பிள்ளை, அந்த அதிகாரத்தின் மூன்றாம் வசனத்திலிருந்து தொடங்குங்கள். தேவாலயம் இடிக்கப்படும் என்று இயேசு சொன்னதும் சீஷர்கள், இது எப்போது நடக்கும், உமது வருகைக்கும் உலக முடிவுக்கும் அடையாளம் என்ன என்று சேர்த்துக் கேட்கிறார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டதால்தான் வாசிக்கிற நமக்குச் சிக்கல். முதலாவது நடந்துவிட்டது. கி.பி. 66இல் யூதர்கள் ரோமுக்கு எதிராக எழுந்தார்கள். 70இல் தளபதி தீத்துவின் படை எருசலேமை முற்றுகையிட்டுத் தேவாலயத்தை எரித்தது. உள்ளே பசி என்ன செய்தது என்று அக்காலத்து யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியதை வாசிக்க மனம் கல்லாக வேண்டும். அங்கிருந்த கிறிஸ்தவர்கள் முன்கூட்டியே யோர்தானுக்கு அப்பால் பெல்லா என்ற ஊருக்குப் போய்விட்டதாகத் திருச்சபை வரலாறு எழுதிய யூசேபியஸ் சொல்கிறார். "இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது" என்று இயேசு சொல்லி நாற்பது வருடத்துக்குள் இவ்வளவும் நடந்தது.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. 2008 நவம்பர் மழையில், போரில் இடம்பெயர்ந்து ஓடியபோது, தருமபுரம் வீதியில் உழவு இயந்திரப் பெட்டிகள் சேற்றில் புதைந்து நின்றன. ஒரு பெட்டியில் நெல் மூட்டை, அதன்மேல் கோழிக்கூடு, அதன்மேல் நிறைமாதப் பெண் ஒருத்தி தறப்பாளைத் தலைக்குமேல் பிடித்தபடி. மாரிகாலத்தில் ஓட நேராதபடி வேண்டிக்கொள்ளுங்கள் என்றும், கர்ப்பவதிகளுக்கும் பால்கொடுக்கிறவர்களுக்கும் ஐயோ என்றும் இயேசு ஏன் சொன்னார் என்பதை எந்த விளக்கவுரையும் எனக்கு அப்படிக் கற்பித்ததில்லை. வீட்டுக்கு மேலே இருப்பவன் பொருளெடுக்க இறங்க வேண்டாம் என்கிறார். நாள் குறிக்க உதவும் பேச்சு இல்லை இது. தம் பிள்ளைகள் உயிர் தப்ப வேண்டுமே என்று பதைக்கிறவருடைய பேச்சு. உங்கள் தம்பியின் மனைவியையும் அந்த "ஐயோ"வுக்குள் வைத்துத்தான் நான் வாசிக்கிறேன்.

போரின் கடைசி மாதங்களில் பொக்கணையில் இருந்தபோதும் இதுதான் கடைசிக் காலம் என்று பலர் சொன்னார்கள். பணம் வைத்திருந்தவனுக்கும் அரிசி கிடைக்காத நாட்கள் அவை. வெளிப்படுத்தலின் கறுப்புக் குதிரைக்காரன் தராசோடு வர, ஒரு நாள் கூலிக்கு ஒருபடி கோதுமை என்று ஒரு சத்தம் விலை சொல்லும் இடத்தைப் பங்கருக்குள் வாசித்து அழுதோம். ஆயினும் உலகம் முடியவில்லை.

கணக்குக்கு வருகிறேன். அதே உவமையை லூக்கா 21:29இல் பாருங்கள்: "அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும்" என்று இருக்கிறது. அத்தி இஸ்ரவேல் என்றால் மற்ற மரங்களெல்லாம் எந்த நாடுகள்? அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் போதனையைக் கேட்டவர்கள் 1844 அக்டோபர் 22இல் இயேசு வருவார் என்று காத்திருந்தார்கள். அறுவடை செய்யாமல் விட்டவர்களும் அவர்களில் உண்டு. 1948ஓடு நாற்பதைக் கூட்டி 1988 என்றார்கள். 2011 மே 21 என்றார் அமெரிக்க வானொலிப் போதகர் ஹரோல்ட் கேம்பிங். இப்போது நாற்பது எண்பதாகியிருக்கிறது. பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான் என்பது 36ஆம் வசனம்.

மடு வீதிக்காரன் எழுதியது:

நான் கத்தோலிக்கன். ஒவ்வொரு நவம்பரிலும், திருவருகைக் காலத்துக்கு முந்திய கிழமைகளில், இந்த வாசகங்கள் எங்கள் திருப்பலியில் வரும். வெளிப்படுத்தல் 20இல் வரும் கிறிஸ்துவின் ஆயிரம் வருட ஆட்சி என்பது கிறிஸ்துவின் முதல் வருகைக்கும் இரண்டாம் வருகைக்கும் இடைப்பட்ட திருச்சபையின் காலம் என்று புனித அகுஸ்தீனார் விளக்கினார். நாங்கள் பெரும்பாலும் அந்த வழியில் வாசிக்கிறோம். சபை முதலில் இரகசியமாக எடுக்கப்படும், பிறகு ஏழு வருடம் என்ற வரிசை 1830களில் ஜான் நெல்சன் டார்பியின் போதனையால் பரவியது. 1909இல் வெளிவந்த ஸ்கோபீல்ட் வேதாகமத்தின் அடிக்குறிப்புகள் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தன. அப்போஸ்தலர் காலத்திலிருந்தே எல்லாச் சபைகளும் சொல்லி வந்தது என்று தம்பி நினைத்தால், அது சரியல்ல.

கிளிநொச்சி சகோதரன் எழுதியது:

நான் பெந்தெகொஸ்தே சபையில் இருப்பவன். இரகசிய வருகையை முழு மனதோடு விசுவாசிக்கிறேன். வாத்தியார் ஐயா சொன்ன கி.பி. 70ஐ மறுக்கவில்லை, ஆனால் தீர்க்கதரிசனம் ஒரு தடவை நிறைவேறியதால் முடிந்துபோவதில்லை, பின்னொரு முழு நிறைவேறுதல் உண்டு என்பது எங்கள் நம்பிக்கை. செட்டிகுளத்து முகாமில் முள்வேலிக்குள் கிடந்தபோது "இயேசு வருகிறார்" என்ற ஒரு சொல்தான் என்னை எழுப்பி உட்கார வைத்தது. அந்த நம்பிக்கையை யாரும் அக்காவின் தம்பியிடமிருந்து பிடுங்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆனால் விதைக்காமல் இருப்பது விசுவாசம் அல்ல. எரேமியா 32ஐ அவரோடு வாசியுங்கள். பாபிலோன் படை எருசலேமை வளைத்து நிற்கிறது, நகரம் விழப்போகிறது என்று சொன்னவரே எரேமியாதான். அதே நாட்களில் ஆனதோத்தில் இருந்த நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்கி, பத்திரத்தை மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். முடிவை அறிந்த தீர்க்கதரிசி காணி வாங்கினார்!

முத்திரை பற்றி: 2022இல் எரிபொருளுக்கு கியூஆர் வந்தபோதும் இதே பயம் எங்கள் சபைக்குள் வந்தது. எங்கள் போதகர் வெளிப்படுத்தல் 13ஐயும் 14ஐயும் சேர்த்து வாசித்துக் காட்டினார். முத்திரை தரித்தவன் மிருகத்தை வணங்குகிறவன். பெற்றோல் வரிசையில் நின்ற எங்களிடம் யாரும் எதையும் வணங்கச் சொல்லவில்லை.

ஒட்டுசுட்டான் பழைய வாத்தியார் எழுதியது:

கிளிநொச்சித் தம்பி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். முத்திரை பற்றி ஒன்று சேர்க்கலாம்: ரோமப் பேரரசன் நேரோவின் பெயரை, நேரோ இராயன் என்று எபிரெய எழுத்தில் எழுதி எண்மதிப்பைக் கூட்டினால் மிருகத்தின் எண்ணான 666 வருகிறது. சில பழைய பிரதிகளில் உள்ள 616உம் அதே பெயரின் இன்னொரு வடிவத்துக்குப் பொருந்துகிறது. அதனால் யோவான் முதலில் தம் காலத்துப் பேரரசைத்தான் சுட்டினார் என்று பல அறிஞர்கள் கொள்கிறார்கள்.

ஆனால் பிள்ளை, உங்கள் தம்பி 2028ஐ எதிர்பார்த்து இருக்கவில்லை. அவர் மனைவியை எதிர்பார்த்து இருக்கிறார். ஆகவே 1 தெசலோனிக்கேயர் 4ஐ எடுங்கள். கிறிஸ்து வருமுன் இறந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று அந்தச் சபை கலங்கியிருந்தது. அவர்கள்தான் முதலாவது எழுந்திருப்பார்கள், உயிரோடிருப்பவர்கள் அவர்களோடேகூடப் போவார்கள் என்று பவுல் எழுதுகிறார். ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்று முடிக்கிறார். அதே அதிகாரத்தில் இந்தப் பேச்சைத் தொடங்குவதற்கு இரண்டு வசனம் முன்னால், பதினோராம் வசனத்தில், சொந்தக் கைகளினாலே வேலை செய்யுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். இரண்டையும் ஒரே இருப்பில் வாசியுங்கள். அடுத்த கடிதத்தில், வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று கடுமையாகவே சொல்கிறார். அதை இப்போது எடுக்க வேண்டாம்.

உடையார்கட்டு அக்கா எழுதியது:

ஐயா, நேற்று இரவு விளக்கு வைத்தபின் அந்த அதிகாரத்தை மகனைக் கொண்டு வாசிப்பித்தேன். "முதலாவது எழுந்திருப்பார்கள்" என்ற இடத்தில் தம்பி நிறுத்தச் சொல்லி, திரும்ப வாசிக்கச் சொன்னான். அவளைப் பற்றி அவன் மகனிடம் பேசியதே இல்லை, நேற்றுப் பேசினான். வயல் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. கமக்கார அமைப்பில் விதைப்புக்குக் கடைசித் திகதி அறிவித்துவிட்டார்கள். கிளிநொச்சிச் சகோதரனே, எங்கள் சபை ஐயா வந்தால் அவன் எழுந்து போய்விடுவான். உங்கள் போதகர் ஒருமுறை வந்து எரேமியாவின் காணியைப் பற்றி அவனோடு பேசுவாரா?

கிளிநொச்சி சகோதரன் எழுதியது:

கேட்டுவிட்டேன் அக்கா. சனிக்கிழமை காலை இருவரும் வருகிறோம். விதைநெல்லை மழைச் சாரல் படாமல் உள்ளே எடுத்து வையுங்கள்.